52 வயது அப்பா சிகரெட்டை விட வேண்டும்: பினாங்கில் உதவி எங்கே கிடைக்கும்?

கேள்வி: பட்டர்வொர்த் மகள்

அனைவருக்கும் வணக்கம். என் அப்பா துறைமுகத்துக்குக் கொள்கலன் லோரி ஓட்டுகிறார். இளவயதில் தொடங்கிய சிகரெட் இப்போது நாளுக்கு ஒரு பெட்டியைத் தாண்டிவிட்டது. இனிப்புநீர் (நீரிழிவு) நோயும் இருக்கிறது. அண்மையில் கால் விரலில் வந்த சிறு புண் ஆறாமல் இழுத்துக்கொண்டே போனதைப் பார்த்த மருத்துவர், புகைப்பதை நிறுத்தியே ஆக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்பாவும் நிறுத்திப் பார்த்தார். மூன்றாம் நாளில் தூக்கம் போய், யார் எது கேட்டாலும் எரிந்து விழுந்து, மறுபடியும் பற்ற வைத்துவிட்டார். "இத்தனை வருஷம் புகைத்த உடம்பு, இனி விட்டு என்ன ஆகப்போகிறது" என்கிறார். நண்பர்களோ வேப்புக்கு (மின்சிகரெட்டுக்கு) மாறச் சொல்கிறார்கள். இந்த வயதில் விடுவதால் பயன் உண்டா, எங்கே அழைத்துச் செல்லலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற தாதி, ஜெலுத்தோங்

தங்கையே, அப்பாவுக்கு மன உறுதி இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கடைசி சிகரெட்டுக்குப் பிறகு இரண்டு மூன்று நாள்களில்தான் சிகரெட்டுக்கு அடிமையாக்கும் நிக்கோட்டின் இல்லாத தவிப்பு உச்சத்துக்குப் போகும்; அதன்பின் இரண்டு முதல் நான்கு வாரங்களில் படிப்படியாகத் தணிந்துவிடும். மிகக் கடினமான நாளில், மருந்தின் துணையில்லாமல், அவர் தனியாக நின்றிருக்கிறார்.

பயன் நிச்சயமாக உண்டு. பிரிட்டன் மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2004இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வின்படி, 50 வயதையொட்டி நிறுத்தியவர்களுக்குச் சராசரியாக ஆறு ஆண்டுகளும், 60 வயதில் நிறுத்தியவர்களுக்குக்கூட மூன்று ஆண்டுகளும் ஆயுள் கூடின. அப்பாவின் காலை நினைத்தால் இன்னும் அவசரம். நிக்கோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, இரத்தம் சுமக்க வேண்டிய ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. சர்க்கரையால் ஏற்கெனவே பழுதடைந்த குழாய்களில் இவை இரண்டும் சேரும்போது விரல் நுனிவரை இரத்தம் சரியாகப் போய்ச் சேருவதில்லை. ஆறாத புண்ணில் தொடங்கி விரலையும் பாதத்தையும் இழந்தவர்களை வார்டில் பார்த்தவள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பதில்: மருந்தாளர், செந்தூல்

உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் புகைப்பதை நிறுத்தும் சேவை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். புகைப்பதை நிறுத்த உதவும் மலேசியச் சுகாதார அமைச்சின் எம்குவிட் திட்டத்தில் அரசாங்கக் கிளினிக்குகளோடு சில மருத்துவமனைகளும் தனியார் மருந்தகங்களும் இணைந்துள்ளன. அமைச்சின் ஜொம்குவிட் இணையத்தளத்திலும் பதிந்துகொள்ளலாம். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு வழக்கமான வெளிநோயாளிக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். பெட்டி 17 ரிங்கிட்டுக்கு மேல் விற்கும் பிரபல சிகரெட் என்றால், உங்கள் அப்பா மாதம் 500 ரிங்கிட்டுக்கு மேல் புகையாக்குகிறார் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அங்கே பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்டைப் பற்ற வைக்கிறீர்கள் என்பதாக இருக்கும். அரை மணி நேரத்துக்குள் என்றால் உடல் நிக்கோட்டினை வலுவாகச் சார்ந்திருக்கிறது என்று பொருள். அதற்கேற்ப, தவிப்பைத் தணிக்கத் தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டை, நிக்கோட்டின் சூயிங்கம், அல்லது மருத்துவர் எழுதித் தரும் மாத்திரைகள் கிடைக்கும். பட்டையையும் சூயிங்கத்தையும் சேர்த்துப் பயன்படுத்துவது, ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட நல்ல பலன் தருகிறது.

சூயிங்கம் வேலை செய்யவில்லை என்று திரும்பி வருபவர்களில் பலர் அதைச் சாதாரண மிட்டாயைப் போல மென்றிருப்பார்கள். மெதுவாக மென்று, நாக்கில் காரம் தட்டியதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் குறைந்த பிறகு மீண்டும் மெல்ல வேண்டும். இப்படி அரை மணி நேரம். அதற்குச் சற்று முன்பும், வாயில் இருக்கும்போதும் கோப்பி குடித்தால் நிக்கோட்டின் வாயில் சரியாக ஊறாது.

கோப்பியைப் பற்றி இன்னொன்று. சிகரெட் புகை கல்லீரலைத் தூண்டி காஃபினை வேகமாக வெளியேற்றுகிறது. நிறுத்தியவுடன் அந்த வேகம் குறைவதால், வழக்கமாகக் குடிக்கும் அதே கோப்பி, தே தாரேக் (ஆற்றிய பால் தேநீர்) இரட்டிப்பு வேலை செய்து படபடப்பையும் தூக்கமின்மையையும் தரும். சிகரெட்டை விட்டதால் வந்த தொல்லை என்று அப்பா நினைத்ததில் ஒரு பங்கு கோப்பியுடையதாக இருக்கலாம். பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள்.

வேப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதிலும் நிக்கோட்டின் உண்டு, பிடி விடுவதில்லை. சிகரெட்டும் வேப்புமாக இரண்டையும் சுமப்பவர்களே என் கடைக்கு அதிகம் வருகிறார்கள்.

பதில்: லோரி ஓட்டுநரின் தம்பி, பிறை

என் அண்ணனுக்கு வீட்டைவிட லோரிதான் சிரமமாக இருந்தது. கதவுப் பையில் லைட்டர், இருக்கையின் இடுக்கில் சாம்பல், கண்ணாடியில் மஞ்சள் படலம். கையெழுத்துக்காகத் துறைமுக வாசலில் வரிசையில் நிற்கும்போதெல்லாம் கை தானாகப் பெட்டியைத் தேடும். நாங்கள் லோரியின் உள்பக்கத்தை முழுவதும் கழுவினோம். முதல் சில நாள்கள் தூக்கம் கெடும், கவனம் சிதறும் என்பதால் விடுமுறையில் தொடங்குவதுதான் பாதுகாப்பு. 2019 தொடக்கத்திலிருந்து உணவகங்களில் புகைக்கத் தடை இருப்பதால், மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவகத்தில்) உட்காருவதாக இருந்தால் சாலையோர மேசையைத் தவிர்த்து உள்ளே உட்காரச் சொல்லுங்கள்.

கேள்வியாளர்: பட்டர்வொர்த் மகள்

மிக்க நன்றி. இந்த வாரமே கிளினிக்குக்கு அழைத்துச் செல்கிறேன். இனிப்புநீர் மாத்திரையை மாற்ற வேண்டியிருக்குமா?

பதில்: ஓய்வுபெற்ற தாதி, ஜெலுத்தோங்

நீங்களாக எதையும் மாற்ற வேண்டாம். நிறுத்திய முதல் மாதங்களில் பசி கூடும், எடை ஏறலாம், சர்க்கரை அளவும் முன்போல இல்லாமல் மாறலாம். அதனால் வீட்டில் அடிக்கடி சோதித்து எழுதி வைத்து, அந்தக் குறிப்பையும் மருந்துச் சீட்டையும் கிளினிக்குக்கு எடுத்துச் செல்லுங்கள். காலிலுள்ள புண்ணையும் அங்கேயே காட்டிவிடுங்கள்.