விடுதலையான பிறகும் கைரேகை எத்தனை காலம் காவல்துறையிடம் இருக்கலாம்?

கேள்வி – பொருநைக்கரையான்
ஊர்க் கோயில் கொடை விழாவில் நடந்த அடிதடி வழக்கில் என் தம்பி 2023-இல் கைதானான். நிலையத்தில் பத்து விரல் ரேகையையும், நேர்முகமாகவும் பக்கவாட்டிலும் படங்களையும் எடுத்தார்கள். அடையாளம் காட்ட வேண்டிய சாட்சியே "இவர் அங்கு இல்லை" என்று கூண்டில் சொல்லிவிட்டதால், சென்ற ஆண்டு விடுதலையானான். அப்படியிருந்தும் அந்த ரேகை 75 ஆண்டுகள் அழியாது என்று ஒருவர் சொன்னதிலிருந்து அம்மாவுக்கு நிம்மதியில்லை. இது உண்மையா?

பதில் – கருப்பு அங்கி
பாதி உண்மை. குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணுதல்) சட்டம், 2022-இன்படி, தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் "அளவீடுகளை" (ரேகை, படம் போன்றவற்றை) எடுத்த நாளிலிருந்து 75 ஆண்டுகள் மின்னணு வடிவில் வைத்திருக்கும். ஆனால், முன்பு சிறைத்தண்டனைக்குரிய குற்றம் எதிலும் தண்டனை பெறாத ஒருவர் விடுதலையாகி, மேல்முறையீடு போன்ற சட்டவழிகள் அனைத்தும் தீர்ந்துவிட்டால், நீதிமன்றம் காரணத்தை எழுத்தில் பதிந்து வேறுவிதமாக உத்தரவிட்டாலன்றி, அந்தப் பதிவுகளை அழித்துவிட வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

எனக்குள்ள குறை நடைமுறையைப் பற்றியது. அழிக்கக் கோரும் விண்ணப்பத்தை மாநில அரசு நியமிக்கும் பொறுப்பு அலுவலரிடம் கொடுக்க வேண்டும். வேறு வழக்கோடு தொடர்பில்லை என்று அவர் சரிபார்த்த பிறகே பரிந்துரை காப்பகத்துக்குப் போகும். தீர்ப்பு நீதிமன்றத்தின் கையிலேயே இருக்கும்போது விடுதலையானவர் ஏன் அலைய வேண்டும்? வெள்ளைக்காரர் காலத்து 1920-ஆம் ஆண்டுச் சட்டமே, விடுதலையானவரின் படங்களை நெகட்டிவோடு சேர்த்து அழிக்க வேண்டும், அல்லது அவரிடமே ஒப்படைக்க வேண்டும் என்றது. பிரிட்டனில் குற்றம் நிரூபிக்கப்படாதவர்களின் ரேகையையும் மரபணு மாதிரியையும் காலவரம்பின்றி வைத்திருந்ததை, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2008-இல் தனிவாழ்வுரிமை மீறல் என்று தீர்ப்பளித்தது.

பதில் – பழைய ரைட்டர்
நிலைய எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ரேகை வேறு, வழக்குக் கட்டு வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். முதல் தகவல் அறிக்கை, சாட்சிகளின் வாக்குமூலம், வழக்கு நாட்குறிப்பு ஆகியவை அடங்கிய கட்டை அவசரப்பட்டு அழிப்பது குற்றம் சாட்டப்பட்டவருக்கே கேடாக முடியும். தவறாகப் புலனாய்வு செய்தார்கள் என்று பின்னாளில் நிரூபிக்க அவருக்கும் அதுதான் சான்று. மூன்று ஆண்டுக்கு மேல் சிறைத்தண்டனை உள்ள குற்றங்களை நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்துக்கொள்ள, பொதுவான குற்றவியல் நடைமுறைச் சட்டம் காலவரம்பே வைக்கவில்லை என்பதால், துப்புத் துலங்காத கொலை வழக்கின் கட்டைத் தூக்கிப்போட யாருக்கும் மனம் வராது. கயிறு இற்றுப்போய், கரையான் அரித்த கட்டுகளையும் பார்த்திருக்கிறேன்; அவற்றுக்கு யாரும் உத்தரவு போடவில்லை.

பதில் – பொருநைக்கரையான்
இருவருக்கும் நன்றி. கட்டு அங்கேயே இருக்கட்டும், ரேகையை மட்டும் அழிக்கக் கேட்கிறோம். தீர்ப்பின் சான்றிட்ட நகல் கையில் இருக்கிறது. அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்யவில்லை என்பதை அந்த அலுவலரிடம் எதைக் கொண்டு காட்டுவது?