ஓர் இரவு தங்காவிட்டால் அது வருகையே இல்லையா?

திருவொற்றியூர்ப் பெண்:
'வெளிநாட்டிலிருந்து வரும் தம்பதியர் உறவினர் வீட்டில் ஓர் இரவாவது தங்காமல் போனால், அவர்கள் வந்ததாகவே கணக்கில்லை' என்று நங்கநல்லூர்க்காரர் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. நானும் என் கணவரும் சென்ற தை மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து பதினான்கு நாள் விடுப்பில் வந்தோம். எங்கள் இருவரின் பெற்றோர் வீடுகள் நீங்கலாக, அவர் பக்கத்தில் தாம்பரம், குரோம்பேட்டை, மதுரை என்றும், என் பக்கத்தில் பெரம்பூர், இராயபுரம் என்றும் பதினொரு வீடுகளுக்குப் போனோம். வீட்டுக்கு ஓர் இரவு என்றால், வந்து இறங்கிய இரவும் புறப்பட்ட இரவும் போக, என்னைப் பெற்றவள் அருகில் படுத்து உறங்க எனக்கு ஓர் இரவுதான் மிஞ்சும். பதினொரு வீட்டிலும் பெரியவர்கள் காலில் விழுந்து, குங்குமம் பெற்று, கை நனைத்து வந்தோமே, அவையெல்லாம் எந்தக் கணக்கில் சேரும்?

நங்கநல்லூர்க்காரர்:
காலை பத்து மணிக்கு வந்து, பன்னிரண்டு மணிக்கு வாடகைக் காரை அழைப்பதற்குப் பெயர் தலைகாட்டுதல். எங்கள் காலத்தில் புதுமணத் தம்பதியர் விருந்துக்குப் போனால் மூன்று நாள் இருப்பார்கள். 'வருவிருந்து வைகலும் ஓம்புவான்' என்கிறது குறள். வைகுதல் என்றால் தங்குதல் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஓர் இரவைத்தான் கேட்டேன்.

சிராங்கூன்வாசி:
பெரியவரே, இரவைக் கணக்கிடுகிறீர்கள், நானும் கணக்கிட்டிருக்கிறேன். சென்னையிலிருந்து என் மனைவியின் சித்தப்பா குடும்பத்தார் ஆறு பேர் வந்து, சிங்கப்பூரில் இரண்டே படுக்கையறை உள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் ஒன்பது இரவுகள் தங்கினார்கள். பகலெல்லாம் செந்தோசா தீவு, மாலையெல்லாம் முஸ்தபா கடை. நானும் மனைவியும் ஒன்பது இரவும் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தோம். ஒருநாள்கூட அவர்கள் எங்களோடு அமர்ந்து, 'நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள்?' என்று கேட்கவில்லை. அதை வருகை என்பீர்களா?

நங்கநல்லூர்க்காரர்:
தங்கினார்கள் அல்லவா? அது வருகைதான்.

திருவொற்றியூர்ப் பெண்:
ஐயா, குறளைச் சரியாகப் படியுங்கள். 83ஆம் குறளில் 'வைகலும்' என்பதற்கு 'நாள்தோறும்' என்பதே பொருள். பரிமேலழகரும் அப்படித்தான் உரைக்கிறார். நாள்தோறும் வரும் விருந்தினரைப் பேணுபவனைப் பற்றிய பாட்டை, இரவு தங்காத மருமகளை ஏசுவதற்கு வளைக்காதீர்கள். விருந்து என்ற சொல்லுக்கே புதுமை என்பதுதான் முதற்பொருள். தொல்காப்பியம் புதிதாகப் புனையும் செய்யுளை 'விருந்து' என்கிறது. அத்தை வீட்டுக்கு நான் என்ன புதியவளா?

நங்கநல்லூர்க்காரர்:
இலக்கண வகுப்பு வேண்டாம். மதுரைக்கு இரவுப் பேருந்தில் ஏறினால் விடியற்காலை இறங்கலாம். பகல் முழுவதும் இருந்து, இரவும் தங்கலாம். மனம் வேண்டும்.

திருவொற்றியூர்ப் பெண்:
கோயம்பேட்டில் ஏறிய காலத்தை வைத்துப் பேசுகிறீர்கள். 2023ஆம் ஆண்டின் இறுதியில் கிளாம்பாக்கம் நிலையம் திறக்கப்பட்ட பின்பு, நகரின் வட கோடியிலிருக்கும் நாங்கள் பேருந்து ஏறவே தென் கோடிக்குப் போக வேண்டியிருக்கிறது. விம்கோ நகரிலிருந்து மெட்ரோ விமான நிலையத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கப்பால் பெட்டிகளோடு மின்சார ரயிலோ ஆட்டோவோ தேட வேண்டும். நங்கநல்லூரில் இருப்பவருக்கு இது எப்படித் தெரியும்?

நங்கநல்லூர்க்காரர்:
நங்கநல்லூரைப் பற்றிப் பேசத் தங்களுக்கு உரிமையில்லை. ஆடிச்சீர் விவாதத்திலும் இப்படித்தான் ஊரை இழுத்தீர்கள்.

தாம்பரத்து அத்தை:
ஊர்ச் சண்டையை விடுங்கள். என் அண்ணன் மகனும் அவன் மனைவியும் கனடாவிலிருந்து வந்தபோது, அவர்கள் தங்குவார்கள் என்று புதுத் தலையணையும் போர்வையும் வாங்கி வைத்தேன். அவர்கள் தியாகராய நகரில் விடுதி அறை எடுத்துத் தங்கிவிட்டு, என் வீட்டில் ஒருவேளை சாப்பிட்டுப் போனார்கள். அந்தப் போர்வை இன்னும் உறை பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. பெரியவர் சொல்வதில் எனக்கு உடன்பாடு உண்டு.

திருவொற்றியூர்ப் பெண்:
அம்மா, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆயினும், தங்கும் மருமகள் விடியற்காலையில் எழுந்து அடுக்களைக்கு வரவில்லை என்று அடுத்த ஆண்டுவரை பேசுகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். என்னைப் பற்றியே பேசினார்கள். தங்கினாலும் குறை, தங்காவிட்டாலும் குறை என்றால், நான்கு மணி நேர விமானப் பயணமாக இருந்தாலும் இங்கே வரக் கால் எழாது.

தாம்பரத்து அத்தை:
என் அடுக்களையில் யாரையும் நான் வேலை வாங்கியதில்லை.

நங்கநல்லூர்க்காரர்:
இவ்வளவு எழுதியவர், மதுரையில் எத்தனை இரவு தங்கினார் என்பதை மட்டும் எழுதவில்லை.

திருவொற்றியூர்ப் பெண்:
ஓர் இரவு தங்கினோம். என் கணவரின் பாட்டி நடமாட முடியாமல் கட்டிலில் இருக்கிறார். அவருக்காகத் தங்கினோம், உங்கள் கணக்குக்காக அன்று.

நங்கநல்லூர்க்காரர்:
அப்படியானால், தங்க முடிந்திருக்கிறது. மற்ற பத்து வீடுகள்?