புதுப்பிப்பு: பிஎச்.டி. படிக்கும்போதே பாடம் நடத்தும் வாய்ப்பு (மகளிரியல், பாலினவியல்)

மகளிரியல் துறையில் பாலினம், பாலியல்பு பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்யும் எனக்கு வகுப்பெடுக்க எங்கே வாய்ப்பு கிடைக்கும் என்று முன்பு கேட்டிருந்தேன். கிடைத்துவிட்டது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலரும் சொன்ன கௌரவ விரிவுரையாளர் வேலை ஒத்துவரவில்லை. ஜேஆர்எஃப் எனும் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை வாங்குபவர் வேறு இடத்தில் சம்பளம் வாங்கக் கூடாது. கைகொடுத்தது, யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 பிஎச்.டி. விதிமுறைகளைப் பார்க்கச் சொன்னவரின் யோசனைதான். ஆய்வு மாணவருக்கு வாரம் 4 முதல் 6 மணி நேரம் கற்பித்தல் அல்லது ஆய்வு உதவிப் பணி தரலாம் என்று அதில் இருக்கிறது. கட்டாயம் இல்லை, அதனால் பணிவாகத்தான் கேட்க வேண்டும். அந்தப் பக்கத்தை இணைத்து, நெறியாளர் கையெழுத்தோடு துறைத்தலைவரிடம் கடிதம் கொடுத்தேன்.

எதிர்பாராத விஷயம்: எங்கள் துறையில் மாணவர்கள் குறைவு என்பதால் சமூகப்பணித் துறையில் டுடோரியல் (சிறு குழு வகுப்பு) கொடுத்தார்கள். எனக்கு அதுவே நல்லதாகப் போயிற்று. அங்கே கோட்பாட்டைவிடச் சட்டம்தான் எடுபடுகிறது: திருநரை மூன்றாம் பாலினமாக ஏற்ற 2014 நால்சா தீர்ப்பு, தன்பாலின உறவு குற்றமல்ல என்ற, 377ஆம் பிரிவு பற்றிய 2018 தீர்ப்பு, 2019 திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம். அதிலும் தமிழ்நாடு 2008லேயே திருநங்கைகளுக்கு நலவாரியம் அமைத்த கதையில் தொடங்கினால், அப்புறம் மாணவர்களே பேச ஆரம்பித்துவிடுகிறார்கள்.

தனி ஊதியம் கிடையாது. அனுபவச் சான்றிதழைப் பருவம் முடியும்போதே வாங்கிவிடுங்கள். துறைத்தலைவர் மாறிவிட்டால் அலைய வேண்டியிருக்கும்.