காண்டா தூக்கிய அம்மாவுக்கு எலும்பு கரையுமா?

லயத்துக்காரி:
மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 71 வயது. பதினாலு வயதில் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டப் போனவர். தோளில் வைக்கிற காண்டாக் கம்பின் இரண்டு பக்கமும் பால் வாளியை மாட்டிக்கொண்டு மேடு ஏறி இறங்கிய உடம்பு. தோட்டம் ரப்பரிலிருந்து எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறிய பிறகு உரம் போடவும் போனார். தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டு, தாமான் என்கிற குடியிருப்புப் பகுதி வீட்டுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது.

தைப்பூசத்துக்கு மறுவாரம் குளியலறை வாசலில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு முறிவு. மாவுக்கட்டு பிரித்த பிறகு ஈப்போவில் எலும்பு அடர்த்தி பார்க்கிற டெக்ஸா ஸ்கேன் எடுத்தார்கள். அடர்த்திக்குப் போடுகிற எண்ணான டி-ஸ்கோர், இடுப்பில் மைனஸ் 2.8. "எலும்புத் தேய்மானம்" என்று சொல்லி, வாரம் ஒன்றாக அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராம் மாத்திரை கொடுத்தார்கள். நான் அடுத்த கேள்வி கேட்பதற்குள் அடுத்த எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இரண்டு வருடம் முன்பு பேரங்காடியில் பால்மாவு விற்கிறவர்கள் அம்மாவின் குதிகாலை ஒரு பெட்டிக்குள் வைத்துப் பார்த்து, "பரவாயில்லை ஆண்டி, மைனஸ் 1.2தான்" என்று சொல்லி இரண்டு டின்னைத் தலையில் கட்டினார்கள். அது பொய்யா? இப்போது அண்ணன், அம்மா வாளி தூக்கக் கூடாது, வாசல் கூட்டக் கூடாது, உட்கார்ந்தே இருக்கட்டும் என்கிறார். அம்மாவோ, "காண்டா தூக்கினவளுக்கு எலும்பு கரையுமா? மிஷின் தப்பு" என்கிறார். நான் யார் பக்கம் நிற்பது?

முருங்கைமரம்:
மாத்திரையெல்லாம் வேண்டாம் அக்கா. முருங்கைக்கீரை, நெத்திலி, தௌஃபு போதும். என் பாட்டி 90 வயது வரை இருந்தார்.

பழைய டிரெஸ்ஸர்:
முருங்கை தம்பி, கீரையும் நெத்திலியும் தாராளமாகச் சாப்பிடட்டும், நல்லதுதான். ஆனால் ஏற்கனவே ஒரு எலும்பு முறிந்திருக்கிறது. நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே மணிக்கட்டு போயிற்று என்றால் அதுவே பெரிய அறிகுறி. மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

தங்கச்சி, நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸராக இருந்தவன். காண்டா தூக்கிய எத்தனையோ அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். அந்த உழைப்பு வீண் போகவில்லை, ஆனால் அது பழைய சேமிப்பு. முப்பது வயதுவாக்கில் எலும்பு அதன் உச்சத்தில் இருக்கும். மாதவிலக்கு நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைவதால் சில வருடங்களுக்கு வேகமாகக் கரையும். தசை இழுத்தால்தான், பாரம் விழுந்தால்தான் எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். பதினோரு வருடம் தாமான் வீட்டில் அவர் தூக்கியது என்ன, யோசித்துப் பாருங்கள்.

"தேய்மானம்" என்ற சொல்லால் குழம்பாதீர்கள். மூட்டுத் தேய்மானம் வேறு. இது எலும்பு அடர்த்தி குறைந்து உள்ளே சல்லடை மாதிரி ஆவது. டி-ஸ்கோர் மைனஸ் 1 வரை சரி, மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனால் இந்த நோய் என்பது கணக்கு. அந்தக் கணக்கு இடுப்பிலும் முதுகிலும் எடுக்கிற டெக்ஸாவுக்கு. குதிகாலில் பார்ப்பது அல்ட்ராசவுண்ட். அதன் எண்ணை இதோடு ஒப்பிட முடியாது, அதை வைத்து நோய் இல்லை என்று சொல்லவும் முடியாது.

அம்மா எத்தனை கிலோ? கிலோவிலிருந்து வயதைக் கழித்து 0.2ஆல் பெருக்குங்கள். ஆசியப் பெண்களுக்கென்றே வந்த கணக்கு இது. மைனஸ் 4க்குக் கீழே வந்தால் ஆபத்து அதிகம். பெட்டியும் வேண்டாம், பால்மாவும் வேண்டாம்.

இன்னொன்று. ஸ்கேன் எலும்பைச் சொல்லும், விழுவாரா என்று சொல்லாது. அதற்குக் காலைப் பார்க்க வேண்டும். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கையை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் கால் பலம் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். அண்ணன் சொல்கிற மாதிரி உட்கார வைத்தால் அது இன்னும் குறையும்.

லயத்துக்காரி:
43 கிலோ. கணக்குப் போட்டால் மைனஸ் 5.6. நேற்று அடுப்படியில் சோதித்தேன். முதல் தடவையே கை தானாக முட்டிக்குப் போய்விட்டது. கட்டிக்கொள்ளச் சொன்னதும் முன்னே குனிந்து, ஒரு ஆட்டம் ஆடித்தான் எழுந்தார். ஐந்துக்கு 19 விநாடி! அம்மாவுக்கே முகம் சுருங்கிவிட்டது. மிஷினைக் குறை சொல்ல முடியவில்லை, இது அவர் காலாச்சே.

மாத்திரையைப் பசியாறும்போது தேத்தண்ணியோடு போட்டுவிட்டு, களைப்பாக இருக்கிறது என்று படுத்துவிடுகிறார். சரிதானா?

பழைய டிரெஸ்ஸர்:
ஐயோ, இல்லை! காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு. அரை மணி நேரம் படுக்கவும் கூடாது, எதுவும் சாப்பிடவும் கூடாது. படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகலாம். தேத்தண்ணியோடு போட்டால் மருந்து உடம்பில் சேராது. கால்சியம் மாத்திரை இருந்தால் அதையும் தள்ளிப் போடுங்கள்.

கோலகங்சார் பையன்:
ஆண்டி, நான் ஜிம்மில் வேலை செய்கிறேன். வெறும் நடை எலும்புக்குப் போதாது, பளு வேண்டும். ஆஸ்திரேலியாவில் எலும்பு மெலிந்த பெண்களுக்கு வாரம் இரண்டு தடவை அரை மணி நேரம், 8 மாதம் கனமான பளு கொடுத்துப் பார்த்து 2018இல் வெளியிட்டார்கள். முதுகெலும்பிலும் இடுப்பிலும் முன்னேற்றம். ஆனால் பயிற்சியாளர் பக்கத்திலேயே இருந்து செய்தது. யூடியூப் பார்த்து நீங்களாகப் பண்ணாதீர்கள்.

பழைய டிரெஸ்ஸர்:
தம்பி சொல்வது சரி. அதற்கு முன்னால் ஒன்று: அம்மா குள்ளமாகிவிட்டாரா?

லயத்துக்காரி:
கேட்ட பிறகுதான் உறைத்தது. அதே பழைய சேலைதான், இப்போது கரை தரையில் இழுபடுகிறது. கட்டுவதில்தான் தளர்ச்சி என்று நினைத்தேன்.

பழைய டிரெஸ்ஸர்:
அப்படியானால் முதுகுக்கு எக்ஸ்ரே கேளுங்கள். வலியே இல்லாமல் முள்ளெலும்பு நசுங்கியிருக்கலாம். அதுவரை குனிந்து பாரம் தூக்க வேண்டாம். நாற்காலியில் எழுந்து உட்காருவதும், தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவதும் போதும். சேலைக் கரையை உடனே தூக்கித் தைத்துவிடுங்கள். குளியலறை வழியில் இரவு விளக்கு போடுங்கள்.

லயத்துக்காரி:
எக்ஸ்ரேக்குத் தேதி கிடைத்துவிட்டது, அடுத்த வியாழன். மாத்திரை செவ்வாய்தோறும், வெறும் தண்ணீர். காலை ஆறரைக்கு நாற்காலியைச் சுவரோரம் அவரே போட்டுக்கொள்கிறார். அதற்குப் பெரட்டு என்று பேர் வைத்திருக்கிறார், தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுப்பார்களே, அந்தப் பேர். அண்ணனையும் பக்கத்தில் நிற்க வைத்து எண்ணச் சொல்கிறார். நேற்று 16 விநாடி. அண்ணன் ஒன்று விட்டு எண்ணினாரோ என்று எனக்குச் சந்தேகம்.