வற்றாப்பளை கட்டுரையில் "நம்பப்படுகிறது" என்ற சொல் யாருக்காக?

முள்ளியவளையான் | இரவு 8.40

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் கட்டுரையைப் பற்றி நேற்று இரவு குளக்கட்டு எழுதியதை இங்கே அப்படியே ஒட்டுகிறேன். பிறகு அழித்துவிட்டு "நான் சொல்லேல்லை" என்று நிற்கக்கூடாது.

"கும்பிடுறவன் கோயில் கட்டுரையில கை வைக்கக் கூடாது. சாமியைக் கண்டா கண்ணை மூடுறவனுக்குத் தகவலைக் கண்டாலும் கண் திறக்காது."

நான் கும்பிடுகிறவன். பதினொரு வருடமாக இந்தக் கலைக்களஞ்சியத்தில் எழுதுகிறவனும்தான். முத்தையன்கட்டு, வவுனிக்குளம், தண்ணிமுறிப்பு, இரணைமடு என்று குளம் குளமாகப் போய்ப் படம் எடுத்து ஏற்றினேன். சம்பளம் இல்லை, டேட்டாக் காசும் என் பையில் இருந்துதான். அப்போதெல்லாம் "நீ திருநீறு பூசியவன், குளத்தின் கொள்ளளவை எழுதாதே" என்று ஒருவரும் வரவில்லை. கோயில் என்றதும் நான் தகுதியில்லாதவனாகி விட்டேனா?

சண்டை ஒரு சொல்லில்தான். வற்றாப்பளைப் பொங்கலுக்காகச் சிலாவத்தைக் கடலில் எடுத்த தீர்த்தத்தில், முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில் ஏழு நாள் விளக்கு எரிகிறது என்று எழுதினேன். பாலியாறு வந்து "எரிவதாக நம்பப்படுகிறது" என்று மாற்றினார். கண்ணால் கண்டதை நம்பப்படுகிறது என்று எழுதுவதா?

குளக்கட்டு | இரவு 8.58

நான் அழிக்கேல்ல, அழிக்கவும் மாட்டன். சொன்னது சொன்னதுதான்.

தண்ணி எரியாது ஐயா. ஒரு லீற்றர் கடல்தண்ணியில கிட்டத்தட்ட 35 கிராம் உப்பு. உப்பும் எரியாது, தண்ணியும் எரியாது. ரெண்டையும் கலந்தா மட்டும் எரியுமோ? யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில படிப்பிச்ச ஆபிரகாம் கோவூர், அற்புதம் செய்து காட்டினா ஒரு லட்சம் ரூபா தாறன் எண்டு சவால் விட்டவர். 1978 இல சாகும் வரைக்கும் ஒருத்தரும் வென்று அந்தக் காசை வாங்கேல்ல.

பாலியாறு | இரவு 9.05

கோவூரை விடுங்கள். நான் விளக்கு எரியவில்லை என்று எங்கும் எழுதவில்லை. திரி எரிவதை யாரும் மறுக்கவும் இல்லை. ஐயாவின் மூல வசனத்தில் "எண்ணெயின்றி" என்று ஒரு சொல் இருந்தது. இங்கே எடுத்துச் சொல்லும்போது அதை விட்டுவிட்டார். தொகுப்பு வரலாற்றைத் திறந்து பாருங்கள். என் கேள்வி அந்த ஒரு சொல்லில்தான்.

கலைக்களஞ்சியம் தன் வாயால் அற்புதம் நடந்தது என்று சொல்லாது, நடக்கவில்லை என்றும் சொல்லாது. யார் சொல்கிறார்கள் என்று சொல்லும். நடுநிலை என்பது அதுதான்.

முள்ளியவளையான் | இரவு 9.11

எண்ணெயைப் பற்றிப் பிறகு கதைப்போம். முதலில் நம்பப்படுகிறது. ஆரால் நம்பப்படுகிறது? எழுவாய் எங்கே? தமிழில் ஒரு வசனம் ஒழுங்காக எழுதத் தெரியாதவர் எங்கள் அம்மன் கட்டுரையைத் திருத்துகிறார்.

ஒட்டுசுட்டான் தான்தோன்றீசுவரர் பெயரை என்ன செய்யப் போகிறீர்? "தானாகத் தோன்றியதாக நம்பப்படும் ஈசுவரர்" என்று மாற்றுவீரோ? மடு மாதா கோயில் கட்டுரைக்கு இந்தச் சொல்லைப் போட்டீரோ? மடுவுக்குப் போட்டீரோ என்று கேட்கிறேன்.

பாலியாறு | இரவு 9.24

போட்டேன். மூன்று வருடத்துக்கு முன் நானே போட்டேன். "மடு மண் பாம்புக்கடியில் இருந்து காக்கும் என்று நம்பப்படுகிறது." என் அம்மம்மா அந்த மண்ணைச் சீலைத் தலைப்பில் முடிந்து கொண்டுதான் விறகுக்குக் காட்டுக்குப் போவா. அவவின் பேரன் நான் அந்தச் சொல்லைப் போட்டதால் மாதா எங்களைக் கைவிடவில்லை.

பாப்பரசர் பிரான்சிஸ் 2015 ஜனவரி 14 அன்று மடுவுக்கு வந்தார். அந்த வசனத்துக்கு "நம்பப்படுகிறது" தேவையில்லை, அது நடந்தது. 2008 இல் சண்டை நெருங்கியபோது மாதாவின் சுருபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டு போனார்கள். அதுவும் நடந்தது. மண் பாம்புக்கடியைத் தடுக்கும் என்பது நம்பிக்கை. இதைப் பிரித்து எழுதுவதற்கு ஏன் இவ்வளவு கோபம்?

முள்ளியவளையான் | இரவு 9.29

இப்ப விளங்குது. வேதக்காரர் எங்கட அம்மனுக்குச் சொல் போடுறார். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

ஒட்டுசுட்டான்_ரீச்சர் | இரவு 9.41

அண்ணை, "வேதக்காரர்" எண்ட சொல்லை எடுங்கோ. அவர் கிறிஸ்தவரோ சைவரோ, எந்தக் கோயிலுக்குப் போறார் எண்டது இங்க கதையே இல்லை. விக்கிப்பீடியாவின் ஐந்து தூண்களில நாலாவது, தொகுப்பாளர்கள் ஒருத்தரை ஒருத்தர் மதிச்சு நடக்கோணும் எண்டது. நாங்களும் அதைத்தான் எங்கட விதியா எடுத்து வைச்சிருக்கிறம். எழுதினதைத் திருத்தலாம், எழுதினவரைத் திருத்த வெளிக்கிடக் கூடாது.

குளக்கட்டுத் தம்பி, உமக்கும்தான். "கும்பிடுறவன் கை வைக்கக் கூடாது" எண்டது என்ன மரியாதை? அதில இருந்துதானே இவ்வளவும் வந்தது.

குளக்கட்டு | இரவு 9.47

ரீச்சர், எனக்குச் சொல்ல முதல் அவருக்குப் படிப்பியுங்கோ. வன்னி மன்னன் பண்டாரவன்னியன் கட்டுரையில நாலு மாசம் என்னைப் படுத்தின பாட்டை நான் மறக்கேல்ல. கற்சிலைமடுக் கல்லில 1803 ஒக்டோபர் 31 எண்டு இருந்தது, ஆங்கிலேயப் படைக் கப்டன் ட்றிபேர்க் அவனைத் தோற்கடிச்ச நாள். இவர் அதை வீரமரணம் அடைஞ்ச நாள் எண்டு மாத்தினார். நான் திருத்த, திரும்ப மாத்தினார். என்னைத் "துரோகி" எண்டு எழுதினார். அப்ப எங்க போச்சு நாலாம் தூண்?

முள்ளியவளையான் | இரவு 9.55

அந்தக் கல் வெள்ளைக்காரன் நட்டது. தான் வென்றேன் என்று அவன் வெட்டினதை நீர் வேதவாக்காக எடுக்கிறீர். முல்லைத்தீவுக் கோட்டையை அடித்துப் பீரங்கியைக் கொண்டு போனவனைப் பற்றி நாலு வரி எழுதினீரோ? அதை எழுதினவன் நான். துரோகி என்றதை அன்றைக்கே எடுத்துவிட்டேன்.

குளக்கட்டு | இரவு 9.57

எடுக்கேல்ல. நிர்வாகி எடுத்தவர்.

பாலைப்பழம் | இரவு 10.08

ஐயா, அண்ணை, நான் கிளிநொச்சியில இருந்து. எழுதத் தொடங்கி ஒரு வருசமும் ஆகேல்ல. குறுக்க வாறதுக்குக் குறை நினைக்காதேங்கோ.

ஆங்கில விக்கிப்பீடியாவில 2009 இல சயன்டாலஜி எண்ட புது மதச் சபையின் கணினி முகவரிகளையே தடுத்தவை. நம்பிக்கை இருக்கு எண்டதுக்காக இல்லை. அங்க இருந்து வந்து தங்கட கட்டுரைகளைத் தங்களுக்கு ஏற்ற மாதிரி மாத்தினதுக்காக. அதே தீர்ப்பில அந்தச் சபையை எதிர்த்து எழுதின சில பேரையும் அந்தத் தலைப்பில எழுதக் கூடாது எண்டு தடுத்தவை. அப்ப கும்பிடுறதும் கும்பிடாததும் அங்க கேள்வியா இருக்கேல்ல, நடந்த விதம்தான் கேள்வி.

இப்பிடி எழுதினா என்ன: "சிலாவத்தைக் கடலில் எடுக்கப்படும் தீர்த்தத்தில் காட்டு விநாயகர் கோயிலில் ஏழு நாள் விளக்கேற்றப்படுகிறது. அது எண்ணெயின்றி எரிவதாக அடியார்கள் கூறுவர்." எழுவாயும் இருக்கு.

பாலியாறு | இரவு 10.12

எனக்குச் சம்மதம். நன்றி தங்கச்சி.

முள்ளியவளையான் | இரவு 10.36

எனக்குச் சம்மதம் இல்லை. "கூறுவர்" என்பது "நம்பப்படுகிறது" என்பதற்குச் சட்டை மாற்றிப் போட்டது. பிள்ளை, நீர் கெட்டிக்காரி, ஆனால் இந்தக் கோயிலை உமக்குத் தெரியாது. கொஞ்சம் பொறுமையாக வாசியும்.

வைகாசிப் பொங்கல் ஒரு நாள் திருவிழா இல்லை. முதலில் பாக்குத் தெண்டல், பாக்குச் சேர்க்கிற சடங்கு. பிறகு, பொங்கலுக்கு முந்தின திங்கட்கிழமை, தீர்த்தம் எடுக்கப் போவார்கள். சிலாவத்தைக் கரையில் சனம் முழங்காலளவு தண்ணியில் நிற்கும். குடத்தில் மொண்டது கடல்தான், வேறொன்றும் இல்லை. அதைத் தலையில் வைத்துக் கொண்டு முள்ளியவளைக்கு நடப்பார்கள், வழி நெடுக வீட்டு வாசல்களில் நிறைகுடம் வைத்திருப்பார்கள். காட்டு விநாயகரில் அந்தத் தண்ணியில் விளக்கு ஏற்றுவார்கள். அடுத்த திங்கள் வற்றாப்பளையில் பொங்கல். நந்திக்கடல் கரை முழுக்கச் சனம்.

ஏன் கடல்தண்ணி? மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி பத்தாவதாகத் தங்கின இடம் இது, பத்தாம் பளை. மாடு மேய்ச்ச பெடியளிடம் ஒரு கிழவியாக வந்து பசிக்குது என்றா. பெடியள் பொங்கினார்கள். இருட்டினது, விளக்குக்கு எண்ணெய் இல்லை. "கடல் தண்ணியை எடுத்து ஏத்துங்கோ" என்றா. எரிந்தது. தலையில் பேன் பார்க்கச் சொன்னா, பார்த்தால் தலையெல்லாம் கண். பிறகு ஆளைக் காணவில்லை.

எண்ணெய் வாங்க வழியில்லாத மாட்டுக்காரப் பிள்ளைகளுக்கு எரிந்த விளக்கு அது. கோவலன் கூத்து ஆடுகிற ஊரில் பிறந்து, அப்பாவின் தோளில் இருந்து அந்த விளக்கைப் பார்த்தவன் நான். அதை "கூறுவர்" என்று எழுதினால் நான் கண்டது என்ன? கேள்விப்பட்டதா?

குளக்கட்டு | இரவு 10.44

தோளில இருந்து பார்த்தா எத்தனை வயசு? மூண்டா நாலா? அந்த வயசில விளக்குக்குள்ள என்ன ஊத்தினவை எண்டு எப்பிடித் தெரியும்?

முள்ளியவளையான் | இரவு 10.46

ஏழு வயது. பிறகும் ஒவ்வொரு வருடமும் போனவன். உம்மைப் போல வீட்டில் இருந்து கொண்டு 35 கிராம் கணக்குப் பார்த்தவன் இல்லை.

பாலியாறு | இரவு 10.53

ஐயா, நீங்கள் இப்போது எழுதிய இந்த நீண்ட பதிவு கட்டுரையில் இருக்க வேண்டியது. பாக்குத் தெண்டல், தீர்த்தம், பெடியளின் கதை எல்லாம் அங்கே வேண்டும், நீங்கள் எழுதினால் நான் ஒரு எழுத்தும் தொடமாட்டேன். ஈழத்துப் பழைய நூல்களைச் சேர்த்து வைக்கும் "நூலகம்" இணையத்தளத்தில் பழைய கோயில் மலர்கள் இருக்கும், சடங்கின் முறைக்கு அவற்றைச் சான்றாகக் காட்டலாம். எண்ணெயின்றி எரிந்தது என்பதற்கு மட்டும் கோயில் தானே வெளியிட்ட மலர் சான்றாகாது. நீங்கள் கண்டதும் சான்றாகாது, நான் கண்டாலும் சான்றாகாது. சொந்த அனுபவத்தை எழுதுகிற இடம் இது இல்லை.

முள்ளியவளையான் | இரவு 11.02

கோயில் மலர் சான்றாகாது. கண்டவன் சான்றாக மாட்டான். வெள்ளைக்காரன் வெட்டின கல் சான்று. பாப்பரசர் வந்த செய்தி சான்று. எங்கள் விளக்குக்கு மட்டும் நம்பப்படுகிறது.

இந்த மண்ணில் எத்தனை வீட்டில் பழைய கடுதாசி மிஞ்சினது? 2009 இல் உறுதி, பிறப்புப் பத்திரம், படங்கள், கோயில் மலர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு உடுத்த உடுப்போடு வந்த சனத்திடம் சான்று கேட்கிறீர்கள். கண்டவர்கள்தான் மிச்சம். அவர்களையும் வேண்டாம் என்றால் வன்னியைப் பற்றி ஆர் எழுதுவது?

பாலைப்பழம் | இரவு 11.06

இதுக்கு என்னட்டயும் பதில் இல்லை ஐயா. இதைத் தனிய ஒரு திரியாப் போடுங்கோ, எல்லாரும் கதைக்கோணும்.

குளக்கட்டு | இரவு 11.09

கதையை மாத்துறார். சான்று எரிஞ்சு போனா தண்ணி எரியும் எண்டு ஆகிடுமோ?

ஒட்டுசுட்டான்_ரீச்சர் | இரவு 11.31

நான் சொல்லுறதில்லை எண்டு வைச்சிருந்தது ஒண்டு. இண்டைக்குச் சொல்லுறன்.

2009 வைகாசியில நாங்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில. பொங்கல் நாள் எது எண்டு அம்மா விரலில கணக்குப் பார்த்துக் கொண்டிருந்தவ. கற்பூரம் இல்லை, எண்ணெய் இல்லை. ஒரு தகரப் பேணிக்குள்ள தண்ணி விட்டு, சமைக்கத் தந்த உப்பில ஒரு பிடி போட்டு, தன்ர சீலைக் கரையைக் கிழிச்சுத் திரி திரிச்சு வைச்சா. பக்கத்துக் கூடாரத்தில இருந்த வேதக்காரப் பொம்பிளைதான் நெருப்புப்பெட்டி தந்தவ. ரெண்டு பேரும் பக்கத்தில பக்கத்தில இருந்து கும்பிட்டவை.

முள்ளியவளை அண்ணை, நீங்கள் பாலியாறைக் கூப்பிட்ட சொல்லு எனக்கு ஏன் நோகுது எண்டு இப்ப விளங்கும் எண்டு நினைக்கிறன்.

முள்ளியவளையான் | இரவு 11.38

ரீச்சர், உங்கள் அம்மாவைக் கும்பிடுகிறேன். நானும் இதைத்தானே சொல்கிறேன். எரிந்தது.

ஒட்டுசுட்டான்_ரீச்சர் | இரவு 11.40

எரிஞ்சது எண்டு நான் சொல்லேல்ல அண்ணை.

முள்ளியவளையான் | இரவு 11.41

எரியவில்லை என்றும் நீங்கள் சொல்லவில்லை.

குளக்கட்டு | இரவு 11.43

ரீச்சர், எரிஞ்சதோ இல்லையோ?

ஒட்டுசுட்டான்_ரீச்சர் | இரவு 11.50

அது உமக்குச் சொல்லுறதுக்கு இல்லை. கட்டுரைக்கும் இல்லை.

பாலியாறு | இரவு 11.58

ரீச்சர், நன்றி.

பாலைப்பழம் தந்த வசனத்தைக் கட்டுரையில் போட்டிருக்கிறேன். ஐயாவின் சடங்கு விவரங்களுக்கு ஒரு தனிப் பிரிவும் திறந்து விட்டிருக்கிறேன், எழுதுங்கள். "வேதக்காரர்" என்று சொன்னது இன்னும் அப்படியே நிற்கிறது, அதையும் பார்த்துக் கொண்டிருக்கிறேன்.

முள்ளியவளையான் | நள்ளிரவு 12.04

மீளமைத்துவிட்டேன். "எரிகிறது" என்றுதான் இருக்கிறது.

வேதக்காரர் என்பது வசைச்சொல் இல்லை, ரீச்சரே இப்போது சொன்னா. என் பேத்தியார் காலத்தில் இருந்து ஊரில் புழங்குகிற சொல்.

ஒட்டுசுட்டான்_ரீச்சர் | நள்ளிரவு 12.07

நான் நெருப்புப்பெட்டி தந்தவவைச் சொன்னன். நீங்கள் ஆளைத் தள்ளி வைக்கச் சொன்னீங்கள்.

பாலியாறு | நள்ளிரவு 12.09

"கூறுவர்" என்று திரும்பப் போட்டிருக்கிறேன். இன்றைக்கு நீங்கள் மீளமைத்தது மூன்றாவது தடவை. 24 மணித்தியாலத்துக்குள் மூன்றுக்கு மேல் போனால் நிர்வாகியிடம் சொல்ல வேண்டி வரும்.

குளக்கட்டு | நள்ளிரவு 12.11

சொல்லுங்கோ. பண்டாரவன்னியன் கட்டுரையையும் சேர்த்துச் சொல்லுங்கோ.

முள்ளியவளையான் | நள்ளிரவு 12.15

எனக்கு எண்ணத் தெரியும். முதலாவது மீளமைப்புப் பின்னேரம் 5.20 க்கு. நாளைக்குப் பின்னேரம் 5.20 க்குப் பிறகு வருகிறேன். அதுவரைக்கும் ஒருவராவது எனக்குப் பதில் சொல்லுங்கள்: கண்டதை ஏன் "கூறுவர்" என்று எழுத வேண்டும்?