நாகினி சீரியல்ல பாம்புப் பொண்ணு ஷிவன்யாவும் அவ புருஷன் ரித்திக்கும் திரும்ப சேர்ற சீன், உங்க வீட்டுல பாத்தப்போ என்ன ஆச்சு?

கரூர்ப்பொண்ணு:
2016, சன் டிவில நாகினி டப்பிங் ஓடிட்டிருந்த நேரம். கதை எல்லாருக்கும் தெரியும், நேரா விஷயத்துக்கு வரேன். கட்டுனவ பாம்புன்னு தெரிஞ்சு ரித்திக் வெறுத்து ஒதுக்கிட்டு, அப்புறம் எல்லாம் புரிஞ்சு திரும்பி வருவான்ல, அதான். எங்க அக்கா அப்போ மாமாகிட்ட கோவிச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்து நாலு மாசம். அம்மா பூ கட்டிட்டிருக்காங்க, அப்பத்தா கட்டில்ல, நானும் அக்காவும் தரையில. மியூசிக் ஏறுது, அவன் மூஞ்சி அவ மூஞ்சின்னு மாத்தி மாத்தி காட்டுறாங்க, நான் சும்மா இருக்க மாட்டாம "என்னக்கா அழறியா"ன்னு சத்தமா கேட்டுட்டேன். எல்லாரும் திரும்பிட்டாங்க. அக்கா "பால் பொங்குது"ன்னு எழுந்து உள்ள போயிட்டா. அடுப்புல பாலே வைக்கல. அந்தக் கேள்வியை நான் ஏன் கேட்டேன்னு இன்னைக்கும் மனசு அடிச்சுக்குது.

ஹாஸ்டல்வாசி:
எங்களுக்கு ஹாஸ்டல்ல ஒரே டிவி, அவன் அவகிட்ட நடந்து வரும்போதே கரண்ட் போச்சு, நாப்பது பொண்ணுங்க ஒரே நேரத்துல "அய்யோ"ன்னு கத்துனது இப்பவும் காதுல கேக்குது. ஆனா ஒண்ணு, ரித்திக் மன்னிச்சான்னு பேசறவங்களை என்னால ஒத்துக்க முடியல. மன்னிக்க வேண்டியவ ஷிவன்யாதான்! நாகமணிக்காக அவ அம்மா அப்பாவைக் கொன்ன அஞ்சு பேர்ல ரித்திக்குக்கு அப்பாவா இருக்குற அங்குஷ் ஒருத்தன், அந்த அஞ்சாவது ஆள் யாருன்னு தேடித் தேடி கடைசில பாத்தா வீட்டுக்குள்ளயே அவனுக்கு அம்மாவா இருக்குற யாமினி. பழிவாங்க வந்த வீட்டுப் பையனையே நேசிக்கிறதுக்கு அவளுக்கு எவ்ளோ மனசு வேணும்.

சேலம் தம்பி:
அம்மாகூட உக்காந்து பாத்தேன், அம்மா அழுதாங்க, நானும்தான். கரூர் அக்கா, உங்க அக்காவுக்கு ஒண்ணு சொல்லுங்க. இன்னொரு நாகினி சேஷா, ஷிவன்யா ரூபத்துலயே வந்து ரித்திக்கை ஏமாத்துனா பாத்தீங்களா, நடுவுல ஆள் புகுந்தா அப்படித்தான் ஆகும். புருஷன் பொண்டாட்டி பிரச்சனையில சொந்தக்காரங்களைத் தூது அனுப்பாம மாமாவுக்கு அவங்களே போன் பண்ணட்டும், முதல் நாள் பழசு எதையும் எடுக்க வேணாம், சாப்டீங்களான்னு மட்டும் கேட்டா போதும், அடுத்த வாரம் கோயிலுக்கோ எங்கயோ நேர்ல பாத்துப் பேசட்டும், அப்பவும் அம்மா கூட வேணாம். என் பெரியப்பா வீட்டுல இப்படித்தான் சரியாச்சு.

தஞ்சாவூர் டீச்சர்:
தம்பி, அவங்க அனுபவம் சொன்னாங்க, யோசனை கேக்கல. எனக்கு ரெண்டாவது சீசன்தான் ஆறல. ஷிவன்யாவா நடிச்ச அதே மௌனி ராய் அதுல ஷிவன்யாவோட மக ஷிவாங்கியா வராங்க, புருஷன் ராக்கி மேல உயிரா இருக்கா, கடைசில அவன் கையாலயே சாகுறா. எங்க மாமியார் அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுல கை வைக்கல. "ஆத்தாக்காரிக்குக் கிடைச்சது மகளுக்கு இல்லாம போச்சே"ன்னு மட்டும் சொன்னாங்க. அவங்களும் சின்ன வயசுலயே தனியா நின்னவங்க, நான் எதுவும் கேக்காம தட்டை எடுத்து வச்சுட்டேன்.

கரூர்ப்பொண்ணு:
தம்பி, நல்ல மனசோடதான் சொன்னீங்க, கோவமில்ல. ஆனா அக்காவும் மாமாவும் இன்னமும் தனித்தனியாதான் இருக்காங்க. டீச்சர், கேக்காம தட்டை எடுத்து வச்சீங்க பாருங்க, எனக்கு அன்னைக்கு அது தெரியல. போன வாரம் அக்காவே போன்ல, "அந்தப் பால் பொங்குன எபிசோடு எங்கயாவது கிடைக்குமாடி, முடிவை நான் பாக்கவே இல்ல"ன்னு கேட்டா. டப்பிங்ல எத்தனாவது எபிசோடுன்னு யாருக்காவது ஞாபகம் இருந்தா சொல்லுங்க, ப்ளீஸ்.