சென்னையின் கலை வரலாறு என்றால் சபாக்கள் மட்டும்தானா?

கோவைவாசி:
வணக்கம். மகள் ஓவியக் கல்லூரியில் சேர ஆசைப்படுகிறாள். ரெண்டு நாள் சென்னைக்குக் கூட்டிப்போகலாம் என்றிருக்கிறேன். யாரைக் கேட்டாலும் மியூசிக் அகாடமி, கலாக்ஷேத்ரா என்கிறார்கள். அதெல்லாம் வருவதற்கு முன்னால் இந்த ஊரில் கலை எங்கே இருந்தது? அவளுக்கு எதைக் காட்டலாம்?

பாரிமுனைக்காரன்:
முதலில் ஜார்ஜ் டவுனுக்குப் போங்க சார். வீணை தனம்மாள் (1867–1938) அங்கேதான் இருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டில் வாசிப்பதைக் கேட்கப் பெரிய வித்வான்களே வந்து சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பார்களாம். அந்த வீட்டுப் பேத்திதான் நடனக் கலைஞர் பாலசரஸ்வதி. அகாடமி 1928இல்தான் வந்தது, 1936இல் கலாக்ஷேத்ரா. அதற்கு முன்பு இசையையும் சதிர் என்ற ஆட்டத்தையும் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றியது இந்த மாதிரி தேவதாசி மரபுக் குடும்பத்துப் பெண்கள். பிறகு சதிர் பரதநாட்டியமாகி மேடையேறியது, அந்தக் குடும்பங்களில் பலர் மேடையை விட்டே போய்விட்டார்கள். எனக்கு இது இன்னும் ஆறாத வருத்தம். மகளிடம் இதையும் சொல்லுங்க.

தூரிகை:
ஓவியம் என்றால் பெரியமேட்டில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரிதான், நான் படித்த இடம். அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கியது. அதன் முதல் இந்திய முதல்வர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்ததுதான் மெரினாவில் இருக்கும் உழைப்பாளர் சிலை. பஸ்ஸில் போகும்போது பார்த்தால் போதாது, காலை வெயிலில் கிட்டே போய் நின்று பாருங்க. நாலு பேர் பாறையை நெம்புகிறார்கள், ஒவ்வொருத்தர் முதுகும் ஒவ்வொரு விதமாக முறுக்கியிருக்கும், கால் விரல்கள் பிடிமானம் தேடி மண்ணை அழுத்துகிற மாதிரியே இருக்கும். மகளை அங்கேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்து வரையச் சொல்லுங்க.

அப்புறம் ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டல் ஓவியர் கிராமம். ராய் சௌத்ரிக்குப் பிறகு முதல்வரான கே.சி.எஸ். பணிக்கரும் மாணவர்களும் துணியில் மெழுகு தடவிச் சாயம் தோய்த்து பாத்திக் செய்து விற்றார்கள். அந்தக் காசில் கடலோரம் நிலம் வாங்கி 1966இல் கிராமமாக்கினார்கள். ஓவியத்தை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாத காலம் அது, கைத்தொழில் சோறு போட்டது, மிச்ச நேரம் முழுக்க ஓவியம். அங்கே உள்ள அருங்காட்சியகத்தை அவசரப்படாமல் பாருங்க.

கோவைவாசி:
ரொம்ப நன்றி. பாத்திக் கதையைச் சொன்னதுமே மகள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். முதல் நாள் காலை மெரினா, ஸ்கெட்ச் புத்தகத்தோடு.